பொற்கொடிக்கு வளைகாப்பு

ஃபேஸ்புக்கில் ஒரு ஜோக் போட்டால் என்ன வரும்? லைக் வரும். நாலைந்து சிரிக்கிற பொம்மைகள் வரும். முகம் தெரியாத ஒருவர் வந்து, 'இதில் சிரிக்க என்ன இருக்கிறது?' என்று கேட்டுவிட்டுப் போவார். எனக்கு எலுமிச்சை சாதம் வந்தது.

எலுமிச்சை மட்டுமா? புளி, தேங்காய், தக்காளி, எள்ளு, தயிர், கடைசியாக சர்க்கரைப் பொங்கல்... போன ஞாயிற்றுக்கிழமை ஆலங்குடியில் எங்கள் வீட்டு ஹாலில் பாத்திரம் வைக்க இடமில்லை. எல்லாம் ஒரு பெண்ணின் வளைகாப்புக்காக. அந்தப் பெண் எங்கள் தெருவில் இல்லை. இந்த ஊரிலும் இல்லை. சொல்லப்போனால் எங்குமே இல்லை. அவள் ஒரு டி.வி. சீரியலின் கதாநாயகி.

சிரிக்காதீர்கள். முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

எட்டு மணிக்கு வருகிற சீரியல் அது. பெயரைச் சொல்ல மாட்டேன் – சொன்னால் நீங்களும் பார்க்க ஆரம்பித்துவிடுவீர்கள், அந்தப் பாவம் எனக்கெதற்கு? கதாநாயகி பொற்கொடி. போன தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் சமையல்கட்டில் மயங்கி விழுந்தாள். பின்னணியில் புல்லாங்குழல் வாசித்தார்கள். எங்களுக்கு அப்போதே புரிந்துவிட்டது. இதோ, அடுத்த தீபாவளிக்கு ஜவுளிக்கடைகளில் புதுச்சேலை தொங்குகிறது. பொற்கொடி இன்னும் முழுகாமல்தான் இருக்கிறாள். வயிறு மட்டும் மயங்கி விழுந்த அன்றைக்கு இருந்த மாதிரியே இருக்கிறது.

"இது எந்தக் கணக்குக்கும் ஒத்து வரல" என்கிறார் என் வீட்டுக்காரர்.

அவர் ரிட்டயரான கணக்கு வாத்தியார். 'நான் சீரியல் பார்ப்பதில்லை' என்ற கட்சியைச் சேர்ந்தவர். சரியாக எட்டு மணிக்கு ஹாலில் வந்து உட்கார்ந்து பேப்பரை விரிப்பார். காலையிலேயே ராசிபலன் வரை படித்து முடித்த பேப்பர். விளம்பரம் ஓடும்போது அதைப் படிப்பார், சீரியல் ஓடும்போது பக்கத்தைத் திருப்ப மறந்துவிடுவார். ஒருநாள் பொற்கொடியின் கொழுந்தனார் பெயர் எனக்கு ஞாபகம் வராமல் தவித்தபோது, பேப்பருக்குப் பின்னாலிருந்து "கதிரேசன்" என்று குரல் வந்தது. அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. குடும்பம் நடத்த வேண்டுமே!

இந்த எட்டு மணிக் கச்சேரிக்கு மூன்றாவதாக ஒரு ஆள் உண்டு. தேன்மொழி. எங்கள் மாடியில் குடியிருக்கிற பெண். மீமிசல்காரி. புருஷன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். கல்யாணமாகி ஊர் விட்டு வந்து இங்கே தங்கியவள், இப்போது வயிற்றில் ஏழு மாதம். மாடியில் அவளுக்கும் டி.வி. இருக்கிறது. ஆனாலும் எட்டு மணிக்கு "அத்தை..." என்று குரல் கொடுத்துக்கொண்டே மெதுவாகப் படியிறங்கி வந்துவிடுவாள். தனியாகச் சீரியல் பார்க்க யாருக்குத்தான் பிடிக்கும்? திட்டுவதற்குத் துணை வேண்டாமா?

சீரியல் முடிந்ததும் தேன்மொழி உடனே எழுந்து போக மாட்டாள். போனை எடுத்து வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் போடுவாள். தினமும். ஒருநாள் விடாமல். 'பொற்கொடி இன்று அழுதாள்.' 'பொற்கொடிக்கு இன்று மாங்காய் கிடைத்தது.' எனக்கு எரிச்சலாக வரும். நாட்டில் நடக்கிற எவ்வளவோ விஷயங்களை விட்டுவிட்டு, படித்த பெண் இப்படி ஒரு சீரியலுக்கு நிருபர் வேலை பார்க்கிறாளே என்று மனசுக்குள் திட்டியிருக்கிறேன்.

விஷயத்தை முதலில் கண்டுபிடித்தவர் எங்கள் கணக்கு வாத்தியார்தான். அவரும் அவள் ஸ்டேட்டஸைப் பார்க்கிறவர். ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது பொரிந்து தள்ளினார்.

"அந்தப் புள்ள தப்புத் தப்பாப் போடுதும்மா. 'பொற்கொடிக்கு இன்னைக்கு ரெண்டு தடவ வாந்தி, எதுவும் எறங்கல'ன்னு போட்டிருக்கு. இன்னைக்கு எபிசோட்ல வாந்தியே கெடையாது! முழுக்க முழுக்க கோயில் சீனு."

"நீங்கதான் சீரியலே பாக்கறதில்லையே..."

"காதுல விழுந்துச்சு" என்றார்.

அதோடு விட்டாரா? 'இன்றைய எபிசோடில் வாந்தி இடம்பெறவில்லை' என்று அவளுக்குத் திருத்தம் வேறு அனுப்பி வைத்துவிட்டார். விடைத்தாள் திருத்திய கை. சும்மா இருக்குமா?

மறுநாள் தேன்மொழி வந்தபோது நான் நேரடியாகவே கேட்டேன். "ஏம்மா தேனு, வராத வாந்தியை ஏன் வந்துச்சுன்னு போட்ட?"

அவள் சிரித்தாள். பிறகு கண் கலங்கியது. போனை என் பக்கம் திருப்பினாள். ஸ்டேட்டஸை யார் யார் பார்த்தார்கள் என்று கீழே பெயர்கள் வருமே... அதில் ஒரு பெயரை விரலால் தொட்டுக் காட்டினாள். 'அம்மா'.

"போட்ட ஒடனே பாத்துருவாங்க அத்தை. மொத ஆளு எங்கம்மாதான்."

அப்புறம் அந்த அம்மாவின் ஸ்டேட்டஸைத் திறந்து காட்டினாள். ரோஜாப்பூ படத்துக்கு மேல் எழுதியிருந்தது: 'காலையில் எந்திரிச்சதும் ஒரு கை பொரி சாப்பிட்டா வாந்தி நிக்கும். பொற்கொடிக்கு யாராச்சும் சொல்லுங்க.' கூடவே கும்பிடுகிற இரண்டு கைகள்.

அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து முழுசாகச் சொல்லச் சொன்னேன்.

கதை இதுதான். தேன்மொழியுடையது காதல் கல்யாணம். பையன் வேறு சாதி. அப்பா மீன் வியாபாரி, மீமிசல் கரையில் மீன் எடுத்து வேனில் ஏற்றி அறந்தாங்கி, ஆலங்குடி என்று சப்ளை பண்ணுகிறவர். கோபக்காரர். மகளை வெட்டவில்லை, குத்தவில்லை, போலீஸுக்கும் போகவில்லை. அதற்குப் பதிலாகப் பெண்டாட்டியைக் கூப்பிட்டுத் தன் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிவிட்டார். 'தேன்மொழிகிட்ட பேச மாட்டேன். தேன்மொழி வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்.'

இந்தத் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணுகிற விஷயம் இருக்கிறதே... கோர்ட்டு உத்தரவைக்கூட மேல்முறையீடு பண்ணலாம். இதற்கு வழியே கிடையாது. மீறினால் அந்தத் தலைக்கு ஏதாவது ஆகிவிடும் என்பது நம் பெண்களின் நம்பிக்கை. அதிலும் அந்தத் தலை புருஷன் தலை. ராத்திரி பகலாகக் கடற்கரைக்கும் சந்தைக்கும் வேன் ஓட்டுகிற தலை. அந்த அம்மா என்ன செய்வாள்?

பேச மாட்டேன் என்றுதான் சத்தியம். ஸ்டேட்டஸ் பார்க்க மாட்டேன் என்று யார் சத்தியம் பண்ணினார்கள்?

அப்படித்தான் ஆரம்பித்திருக்கிறது. மகள் சீரியலைப் பற்றி ஒன்று போட, அம்மா தன் ஸ்டேட்டஸில் சீரியலைப் பற்றி ஒன்று போட... பொற்கொடிக்குக் கால் வீங்கினால், 'ராத்திரி காலுக்குத் தலகாணி வச்சுப் படுக்கணும்' என்று மீமிசலிலிருந்து பதில். பொற்கொடிக்கு அம்மா வைக்கிற நண்டுக் குழம்பு ஞாபகம் வந்தால், அடுத்த அரை மணியில் அதன் பக்குவம் முழுசாக. நேராக ஒரு வார்த்தை கிடையாது. ஒரு போன் கிடையாது. எங்கள் வீட்டுக்காரர் வேறு நடுவில் புகுந்து திருத்தம் அனுப்பிக்கொண்டிருந்தார்!

செல்போன் வந்து குடும்பம் கெட்டது என்று நானே இந்தப் பத்திரிகைப் பத்தியில் எத்தனை தடவை புலம்பியிருக்கிறேன்! ஒரே வீட்டில் நாலு பேர் நாலு மூலையில் போனோடு உட்கார்ந்திருக்கிறோம் என்று. அது உண்மைதான். ஆனால் நாலு பேர் பேசிக்கொள்ளக் கூடாது என்று ஆகிவிட்ட வீட்டில் அதே போன் என்ன பாடுபடுகிறது பாருங்கள். எந்தச் சேனல்காரருக்காவது தெரியுமா, அவர் இழுக்கிற இழுவையில் ஒரு அம்மாவும் மகளும் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று?

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஏழாம் மாதம் பிறந்ததும்தான் சிக்கல்.

வளைகாப்பு போட வேண்டும். சிங்கப்பூரிலிருந்து அவள் புருஷன் என்னிடமே பேசினார். "அத்தை, எங்க பக்கத்துலயும் அம்மா இல்ல. நீங்களாச்சும் பக்கத்து வீட்டு ஆளுகள வச்சு ரெண்டு வளையல் போட்டு விட்ருங்க. செலவ நான் பாத்துக்கிறேன்." நான் சரியென்றேன். தேன்மொழி மாட்டேன் என்றுவிட்டாள்.

"மொத வளையல் எங்கம்மாதான் போடணும். இல்லாட்டி எனக்கு வளையலே வேணாம் அத்தை."

"அதுக்காக வெறுங்கையோடயா பிரசவத்துக்குப் போவ?"

"போறேன்" என்றாள். அப்பாவின் பிடிவாதம் அப்படியே வந்திருக்கிறது. வாரிசு என்றால் சும்மாவா?

அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. ஆனால் மனசு கேட்கவில்லை. அந்த வாரம் முழுக்க மாடியில் அவள் நடக்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் வருத்தமாக இருந்தது.

இந்த நேரத்தில்தான் நான் அந்த ஜோக்கைப் போட்டுத் தொலைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன் – யார் தலையிலும் அடிக்காமல் – அதற்கும் தேன்மொழிக்கும் சம்பந்தமே கிடையாது. சீரியலில் பொற்கொடி அன்றைக்கும் பிரசவிக்கவில்லை. வெறுத்துப்போய், போனிலேயே பூ, மாலை, குத்துவிளக்கு எல்லாம் போட்டு ஒரு அழைப்பிதழ் தயாரித்தேன். 'எங்கள் செல்வமகள் பொற்கொடிக்கு டைரக்டர் பிரசவம் பார்க்கிற மாதிரி தெரியவில்லை. எனவே வளைகாப்பையாவது நாம் நடத்திவிடுவோம். வரும் ஞாயிறு காலை, எங்கள் வீட்டு ஹால். வளையலுடன் வருக. இப்படிக்கு, பொறுமை இழந்த நேயர்கள்.'

ஃபேஸ்புக்கில் போட்டேன். போட்ட கையோடு எங்கள் தெரு வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டேன். அங்கேதான் தப்பு நடந்தது.

எங்கள் தெரு குரூப்பைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. தண்ணீர் வரவில்லை என்று போட்டால் ஒருவரும் பதில் போட மாட்டார்கள். சாப்பாடு என்று போட்டால் தூங்குகிறவர்கள்கூட எழுந்து வருவார்கள். எதிர் வீட்டு ராசாத்தி முதலில் போட்டாள்: 'நான் புளியோதரை.' அடுத்த நிமிஷம் கோமதி டீச்சர்: 'தேங்காய் சாதம் என்னோடது. வேற யாரும் போட்டுறாதீங்க.' நான் 'ஐயோ, இது ஜோக்' என்று எழுதி முடிப்பதற்குள் தயிர் சாதத்துக்கு இரண்டு பேர் சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள்.

"இப்ப என்ன பண்ணப் போற?" என்று வாத்தியார் கேட்டார், பேப்பருக்குப் பின்னாலிருந்து.

என்ன பண்ணுவது? நடத்திவிட வேண்டியதுதான் என்று தோன்றியது. ஆடிக்குப் பிறகு தெருவில் ஒரு விசேஷமும் வரவில்லை. பெண்கள் கூடி உட்கார்ந்து சாப்பிட்டுச் சிரிக்க ஒரு சாக்கு, அவ்வளவுதானே.

மறுநாள் ராத்திரி ராசாத்தி வீட்டுக்கே வந்துவிட்டாள். அவளுக்கு எல்லாவற்றிலும் முறை வேண்டும். "ஏங்க்கா, வளைகாப்புன்னா மனையில ஒக்கார ஒரு ஆளு வேணும்ல? பொற்கொடி டி.வி.க்குள்ள இருக்கா. வளையல யாரு கையில போடறது?"

அந்த நேரம் பார்த்துத் தேன்மொழி எட்டு மணிக் கச்சேரிக்குப் படியிறங்கிக்கொண்டிருந்தாள். ராசாத்தி அவளைப் பார்த்தாள். அவள் வயிற்றைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"தேனு, பொற்கொடிக்குப் பதிலா நீ ஒக்காரேன்!"

அவள் அழுதுவிடுவாள் என்று பயந்தேன். தேன்மொழி கடைசிப் படியிலேயே நின்றுவிட்டாள். முகம் மெல்ல மாறியது.

"வளைகாப்பு பொற்கொடிக்குத்தான? எனக்கில்லைல?"

"ஒனக்கில்ல. பொற்கொடிக்குத்தான்."

"எடம் இந்த வீடுதான? மாடி இல்லைல?"

"கீழ ஹால்லதான். ஏம்மா?"

அவள் போனை எடுத்தாள். என் அழைப்பிதழையே தன் ஸ்டேட்டஸில் வைத்தாள். அதற்குக் கீழே ஒரு வரி எழுதினாள்: 'பொற்கொடி வளைகாப்பு மாடி வீட்ல இல்ல. கீழ் வீட்ல. அது வீட்டுக்காரம்மாவோட சொந்த வீடு.'

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தப் பெண் எந்தக் கட்டத்தில் காய் வைக்கிறாள்!

அன்றைக்குச் சீரியலில் என்ன நடந்தது என்று எங்கள் கச்சேரிக்காரர் மூன்று பேருக்கும் தெரியாது. மூன்று பேரும் தேன்மொழியின் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். 'அம்மா' என்ற பெயர் வழக்கம்போல் முதல் ஆளாக வந்துவிட்டது. பார்த்துவிட்டாள். பதில்தான் வரவில்லை. சீரியல் முடிந்தும் வரவில்லை. மறுநாளும் மீமிசல் ஸ்டேட்டஸ் காலியாகவே இருந்தது. அதற்கடுத்த நாளும். எதற்கெடுத்தாலும் பக்குவம் சொல்கிற அம்மா, இந்த ஒன்றுக்கு மட்டும் ஒன்றுமே சொல்லவில்லை.

"ரொம்பக் கேட்டுட்டேன் போலருக்கு அத்தை" என்றாள் தேன்மொழி.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஹாலில் ஜமக்காளம் விரித்தோம். டி.வி.யில் பொற்கொடி சிரிக்கிற காட்சியை நிறுத்தி வைத்து, அந்த டி.வி.க்கே ராசாத்தி சந்தனம் குங்குமம் வைத்தாள். அதற்கு முன்னால் மனை. தேன்மொழி பச்சைப் பட்டுச்சேலையில் வந்து உட்கார்ந்தாள். சொம்பில் சாய்த்து வைத்த போனில் சிங்கப்பூர் புருஷன். ஏழு வகை சாதமும் வந்து வரிசையாக உட்கார்ந்துவிட்டது. வளையல் தட்டு தயார்.

தேன்மொழி கையை நீட்டவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எமகண்டம் வந்துரும், ஆரம்பிங்க" என்றார் கோமதி டீச்சர். நான் 'இன்னும் கொஞ்சம் பொறுங்க' என்றேன். மறுபடியும் டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடியும் நான் பொறுங்க என்றேன். ராசாத்திக்கு விஷயம் புரிந்துவிட்டது போல. "டீச்சர், பொற்கொடி ஒரு வருசமாப் பொறுத்துருக்கா. ஒங்களுக்குப் பத்து நிமிசம் பொறுக்கலையா?" என்று அடக்கினாள். அந்தப் பெண்ணை ஆசை காட்டி உட்கார வைத்துவிட்டோமே, அம்மா வராமல் போனால் இந்த வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு நான் எப்படி இருப்பேன்?

வாசலில் செருப்பு கழற்றுகிற சத்தம்.

ஒரு அம்மாள். கையில் வளையல் பெட்டி. இன்னொரு கையில் ஒரு தூக்குவாளி. உள்ளே வராமல் வெளியே நின்றபடியே கேட்டார்.

"ஏங்க... பொற்கொடிக்கு வளைகாப்பு போடறது இந்த வீடுதானுங்களா?"

"ஆமாங்க, வாங்க."

"இது ஒங்க வீடுதானங்க?"

"என் பேர்லதான் இருக்கு. வேணும்னா வீட்டு வரி ரசீதை எடுத்துட்டு வரவா?"

அவர் சிரித்துவிட்டார். வலது காலை எடுத்து உள்ளே வைத்தார். தேன்மொழி மனையிலிருந்து எழப் போனாள். அந்த அம்மாள் கையைக் காட்டி உட்கார வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. நேராக டி.வி.யைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு மகளுக்கு எதிரில் உட்கார்ந்தார். சந்தனத்தைக் குழைத்து இரண்டு கன்னத்திலும் பூசினார். பெட்டியைத் திறந்து முதல் வளையலை அவரே போட்டார்.

"பொற்கொடி" என்றார், தேன்மொழியின் முகத்தைப் பார்த்து. "ஏன் இப்புடி எளைச்சுப் போயிருக்க? சத்து மாத்திரைய ஒழுங்காப் போடுறியா?"

"போடுறேன்" என்றாள் தேன்மொழி. கண்ணீர் சந்தனத்தில் இறங்கியது.

"அழுவாத. புள்ளைக்கு ஆகாது. ஒங்கம்மா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். சுதாரித்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார். "சீரியல்ல இந்தப் பொற்கொடியோட அம்மா இருக்காளே, அவ பாவங்க. மகள நெனைக்காத நாளு கெடையாது. சோத்துல கைய வச்சா நெனப்பு, தலைய வாருனா நெனப்பு. என்ன பண்ணுவா? வாயக் கட்டிப் போட்டுட்டாங்க."

"பொற்கொடிக்கு அவங்கம்மா மேல கோவமே இல்லைங்க" என்றாள் தேன்மொழி. "அப்பா மேலயும் இல்லைங்க."

"அந்த அப்பாவும் கெட்டவரில்ல. வறட்டுப் பிடிவாதம். ராத்திரி தூங்காம மோட்டுவளையப் பாத்துக்கிட்டுப் படுத்திருக்காரு."

சீரியலில் பொற்கொடியின் அப்பா ஐம்பதாவது எபிசோடிலேயே இறந்துவிட்டார். வாத்தியார் வாயைத் திறந்தார். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

கோமதி டீச்சருக்கு மட்டும் ஒன்றும் ஓடவில்லை. "யாரு, நீங்க தேன்மொழியோட அம்..." என்று ஆரம்பிக்க, ராசாத்தி தொடையில் கிள்ளினாள் பாருங்கள்! டீச்சர் "ஆ" என்று கத்தியது சிங்கப்பூர் வரைக்கும் கேட்டிருக்கும். சொம்பில் சாய்ந்திருந்த மாப்பிள்ளை பதறிப்போய் என்னாச்சு என்றார். அந்த அம்மாள் முதன்முதலாகப் போனைப் பார்த்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"பொற்கொடி புருசன் நேரத்துக்குச் சாப்புடுறாரான்னு கேளுங்க" என்றார் என்னிடம்.

"சாப்புடுறாருங்க... நல்லா இருக்காருங்க" என்றார் மாப்பிள்ளை, போனுக்குள்ளிருந்து கும்பிட்டபடி.

அதன் பிறகு ஒரே கும்மாளம்தான். வரிசையாக எல்லாரும் வளையல் போட்டோம். இரண்டு கையும் முழங்கை வரை நிறைந்தது. கண்ணாடி வளையல் குலுங்குகிற சத்தத்தில் ஹாலே கலகலத்தது. தூக்குவாளியைத் திறந்தால் நண்டுக் குழம்பு! வளைகாப்புச் சாப்பாட்டில் நண்டு உண்டா என்று டீச்சர் கேட்கவில்லை. தொடையைத் தடவிக்கொண்டு சும்மா இருந்தார். தேன்மொழி ஆசை தீரச் சாப்பிட்டுவிட்டு, இடுப்பு வலிக்கிறதென்று மாடிக்குப் போய்ப் படுத்தாள். அவள் அம்மா படிக்கட்டு வரை கூடவே போய், முதல் படிக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டார். மகள் ஏறி மறைகிற வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படிங்க வந்தீங்க? பஸ்ஸா?" என்று கேட்டேன்.

"வேன்ல" என்றார். பிறகு மெதுவாக, "தெருமொனையில நிக்கிதுங்க. எறங்க மாட்டேன்னுட்டாரு" என்றார்.

நான் ஒரு பெரிய தட்டில் ஏழு சாதத்தையும் வைத்து மூடினேன். வாத்தியாரையும் கூட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போனேன். டீக்கடை ஓரம் மீன் வேன் நின்றது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நரைத்த மீசையோடு ஒருவர். எங்களைப் பார்த்ததும் அவசரமாக இறங்கினார்.

"சந்தைக்கு லோடு எறக்க வந்தேங்க. வீட்டுல... ஏதோ டி.வி. விசேசம், போகணும்னாங்க. இங்கிட்டு எறக்கி விட்டுட்டு நிக்கிறேன்."

"வளைகாப்புச் சாப்பாடு. சாப்பிடுங்க" என்று தட்டை நீட்டினேன்.

வாங்கிக்கொண்டார். சாப்பிடவில்லை. தட்டையே பார்த்தார். டீக்கடைக்காரர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாத்தியார் தொண்டையைக் கனைத்தார்.

"நான் அந்தச் சீரியலெல்லாம் பாக்கறதில்லீங்க" என்றார் அவர் திடீரென்று.

"நானும் பாக்கறதில்ல" என்றார் வாத்தியார்.

"வீட்டுல சொல்லுவாங்க, அப்பப்ப காதுல விழுவும். அந்தப் புள்ளைக்கு... டாக்டரு எப்பன்னு சொல்லிருக்காங்க?"

எங்கள் வாத்தியார் முகத்தில் ஒரு சிரிப்பு இல்லை, கேலி இல்லை. மாணவனுக்குச் சொல்வது போலப் பொறுமையாகச் சொன்னார். "மார்கழி கடைசிங்க. தாயும் புள்ளையும் நல்லாருக்குன்னு ஸ்கேன்ல சொல்லிட்டாங்க. ரத்தம் மட்டும் கொஞ்சம் கம்மி. கீரை, பேரீச்சம்பழம் சாப்பிடச் சொல்லிருக்காங்க." அந்த நிமிஷம் இந்த மனிதரை எனக்கு எவ்வளவு பிடித்தது தெரியுமா? கல்யாணத்தன்றுகூட அவ்வளவு பிடிக்கவில்லை.

வேன்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். தட்டைப் பத்திரமாக வேனுக்குள் வைத்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் துண்டை எடுக்காமலே பேசினார்.

"மொதப் பிரசவங்க. பொறந்த வீட்டுலதான் பாக்கணும். அதுதான் மொறை. வண்டி இங்கயேதான் நிக்கிது... அந்த டைரக்டருகிட்ட கொஞ்சம் சொல்லுங்கம்மா."

டைரக்டரை எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டு மாடிப்படி தெரியும் – முட்டி வலியை மறந்து ஓடினேன்.